‘என்னைத் தெரியுதா?’ - இந்தக் கேள்வியை நிறுத்துவோம்

1/ "என்னைத் தெரியுதா? நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?" மறதி நோய் வந்த பெரியவர் பக்கத்துல உக்கார்ற ஒவ்வொருத்தரும் கேக்கிற கேள்வி இது. பாசத்துலதான் கேக்குறோம். ஆனா அவருக்கு அது பரீட்சை. தினமும் பத்துப் பேர் வெக்கிற, தினமும் தோக்குற பரீட்சை. தயவுசெஞ்சு இதை நிறுத்துங்கன்னு சொல்லத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ மருத்துவக் காரணத்தை மட்டும் சொன்னா நாலு வரியில முடிஞ்சிடும். ஆனா படிச்சிட்டு மறந்துடுவீங்க. அதனால சில ஜப்பான் படங்கள் வழியா சொல்றேன். ஹிரோகாசு கொரீடா, நவோமி கவாசே. ரெண்டு பேரும் நினைவையும் காலத்தையும் விடாம துரத்தினவங்க. கதையை விட்டுட்டு சொந்த வீட்டையும் சாதாரண மனுஷங்களையும் கேமரா முன்னாடி வெச்சுப் பார்த்தவங்க.

3/ முதல் படம் கொரீடா 1996ல் எடுத்த ஆவணப்படம். ஆங்கிலத்தில் ‘விதவுட் மெமரி’. ஒரு குடும்பஸ்தர். வயித்துல அறுவை சிகிச்சை நடக்குது. அதுக்குப் பிறகு டிரிப்ஸ் வழியாதான் சத்து போகுது. அந்த டிரிப்ஸ்ல வைட்டமின் சேர்க்கல. விளைவு, மூளையில் பாதிப்பு. பழைய வாழ்க்கை ஞாபகம் இருக்கு. புதுசா எதுவும் பதியாது. இன்னைக்கு நடந்தது நாளைக்கு இல்ல.

4/ ஏன் சேர்க்கல? 1992ல் ஜப்பானில் மருத்துவச் செலவைக் குறைக்க, வைட்டமின்களுக்கான காப்பீட்டுத் தொகையில் கை வெச்சாங்க. ஒரு விதி மாறுது, ஒரு மருத்துவமனை மிச்சம் பிடிக்குது, ஒரு மனுஷனோட நாளை அழியுது. கோப்புல பார்த்தா சின்ன சேமிப்பு. கட்டில்ல பார்த்தா ஒரு ஆயுசு.

5/ இது எப்படி நடக்கும்? குளுக்கோஸை மூளை எரிபொருளா மாத்தணும்னா வைட்டமின் பி1, அதாவது தயமின், வேணும். உடம்புல இருக்கிற கையிருப்பு சில வாரத்துக்குத்தான் வரும். அது தீர்ந்த பிறகும் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா, நினைவுக்கான மூளைப் பகுதிகள் அடி வாங்கும். உடனே கவனிச்சா காப்பாத்தலாம். தாமதமானா ‘கோர்சகாஃப்’னு சொல்ற நிரந்தர மறதி.

6/ அதனாலதான் அவசரப் பிரிவுல குடிநோயாளி, பல நாள் சாப்பிடாதவர், நிக்காம வாந்தி எடுக்கிற கர்ப்பிணி வந்தா குளுக்கோஸோட தயமினையும் மறக்காம போடுறோம். ரொம்ப விலை குறைஞ்ச ஊசி. அது காப்பாத்துறதுக்கு விலையே இல்ல.

7/ இதுல ஒரு கொடுமையான முரண் இருக்கு. பி1 குறைபாட்டோட ஜப்பான் ரொம்ப காலம் போராடின நாடு. தீட்டின வெள்ளை அரிசியால பெரிபெரி வந்து ஆயிரக்கணக்கான பேர் செத்தாங்க. 1880களில் கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ மாலுமிகளோட சாப்பாட்டை மாத்தி அதைக் கட்டுப்படுத்தினார். 1910ல் உமெதாரோ சுசுகி அரிசித் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரிச்சார். அதே நாட்டுலதான் இதுவும் நடந்தது. மனுஷனுக்கு மட்டுமில்ல, அமைப்புகளுக்கும் மறதி உண்டு.

8/ ஆனா படம் வெறும் குற்றச்சாட்டு இல்ல. படக்குழு ஒவ்வொரு தடவை போகும்போதும் அவருக்கு அவங்க புது ஆளுங்க. அறிமுகம் முதல்லேர்ந்து. தனக்கு என்ன ஆச்சுங்கிறதையும் அவர் மறுபடி மறுபடி புதுசா தெரிஞ்சுக்கணும். அந்த அதிர்ச்சிக்குப் பழக்கமே வராது. நமக்குப் பழைய செய்தி, அவருக்கு இன்னைக்கு வந்த தந்தி. வீட்டு ஆளுங்கதான் அவருக்கு ‘நேத்து’. அவங்க சொல்லலன்னா அவருக்கு நேத்துன்னு ஒண்ணு கிடையாது.

9/ ரெண்டு வருஷம் கழிச்சு, 1998ல், அதே கொரீடா ‘ஆஃப்டர் லைஃப்’ எடுத்தார். செத்தவங்க எல்லாரும் ஒரு பழைய கட்டடத்துக்கு வர்றாங்க. சொர்க்கம் மாதிரி இருக்காது, நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கும். வாழ்க்கையிலேர்ந்து ஒரே ஒரு நினைவைத் தேர்ந்தெடுக்கணும். ஊழியர்கள் அதைப் படமா எடுத்துக் காட்டுவாங்க. அந்த ஒண்ணோட மட்டும் நீங்க போயிடலாம். மத்ததெல்லாம் அழிஞ்சிடும்.

10/ இதுக்காக கொரீடாவின் குழு 500க்கும் மேற்பட்ட சாதாரண மக்களைப் பேட்டி எடுத்தது. அவங்கள்ல சிலர் படத்துலயே வந்து சொந்த நினைவைச் சொல்றாங்க. யார் நடிக்கிறாங்க, யார் நிஜமா பேசுறாங்கன்னு பிரிக்க முடியாது. கல்யாணம், பதவி, பரிசுன்னு எதிர்பார்த்தா ஏமாந்துடுவீங்க. டிஸ்னிலேண்டைச் சொன்ன ஒரு பள்ளி மாணவி, பிறகு யோசிச்சு அம்மா மடிக்கு மாறிடுறா.

11/ அதுல ஒரு பாட்டி வருவாங்க. எதுவும் பேச மாட்டாங்க. ஜன்னலைப் பார்ப்பாங்க, விழுந்த பூ, இலைன்னு பொறுக்கிட்டு வருவாங்க. பேட்டி எடுக்கிறவர் திணறுவார். கடைசில தெரியும், அந்தப் பாட்டி உயிரோட இருக்கும்போதே தன் நினைவைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. அவங்க ஏற்கெனவே 9 வயசுல இருக்காங்க. நாம ‘டிமென்ஷியா’ன்னு சீட்டுல எழுதுறோம். படம் அதை வேற மாதிரி எழுதுது.

12/ கொரீடாவோட தாத்தாவுக்கும் மறதி நோய் இருந்தது. சின்னப் பையனா அதைக் கூட இருந்து பார்த்தவர். நோயை வெறும் குறையா மட்டும் காட்டாம, உள்ளே இருக்கிற ஆளைத் தேடுற பார்வை அங்கிருந்து வந்திருக்கும்னு நான் நினைக்கிறேன்.

13/ அடுத்து கவாசே. 1969ல் பிறந்தவர். ஊர் நாரா. பெத்தவங்க பிரிஞ்சுட்டாங்க, பாட்டி முறையுள்ள உறவினர் எடுத்து வளர்த்தாங்க. 1992ல், தன்னை விட்டுப் போன அப்பாவைத் தேடுறதையே ‘எம்பிரேசிங்’னு படமா எடுத்தார். 1994ல் வந்த ‘கதாத்சுமோரி’ முழுக்க வளர்த்த பாட்டிதான். 8 மி.மீ. ஃபிலிம், 40 நிமிஷம். பாட்டி தோட்ட வேலை செய்றாங்க, பட்டாணி வளருது, பாட்டி சிரிக்கிறாங்க. அவ்வளவுதான்.

14/ அதுல ஒரு காட்சி. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தூரத்துல பாட்டி. இந்தப் பக்கம் கேமரா. கவாசேவோட கை நீண்டு, கண்ணாடியில தெரியுற பாட்டி உருவத்தை விரலால தடவுது. இருக்கும்போதே இழப்புக்குத் தயாராகுற கை அது. நம்ம போன்ல அம்மா அப்பா வீடியோ எவ்வளவு இருக்கு? எல்லாம் கேக் வெட்டுறது, கல்யாண மேடை. அம்மா வெங்காயம் உரிக்கிறது இருக்கா? அப்பா சட்டை மடிக்கிறது? நாளைக்கு நீங்க தேடப்போறது அதைத்தான்.

15/ ஒரு எச்சரிக்கை. கவாசே எல்லா இடத்திலும் மென்மையானவர் இல்ல. ‘தராச்சிமே’ (2006) படத்துல தன் பிரசவத்தையே காட்டுறார். அதே பாட்டியோட வயசான உடம்பைக் குளியலறையில காட்டுறார், பழைய மனக்காயத்தைக் கேமரா முன்னாடியே கிளறுறார். எனக்கு அது நெருடல். நோயாளியைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுற இந்தக் காலத்துல இதைச் சொல்லியே ஆகணும். சம்மதம் சொல்ல முடியாத நிலையில இருக்கிறவரோட வீடியோ வீட்டுக்குள்ள இருக்கட்டும்.

16/ கவாசேவோட ‘மோகாரி நோ மோரி’க்கு 2007ல் கான் விழாவில் கிராண்ட் பிரி கிடைச்சது. மறதி நோய் வந்த ஷிகெகி, காப்பகத்துல அவரைப் பார்த்துக்கிற மச்சிகோ. அவர் மனைவி மகோ செத்து 33 வருஷம். மச்சிகோ தூரிகையால தன் பெயரை எழுதுறா. அவர் நடுவுல இருக்கிற ‘ச்சி’ எழுத்தை அடிச்சிடுறார். மிச்சம், ‘மகோ’. இவருக்கா ஞாபகம் இல்ல? நாம கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல, அவ்வளவுதான்.

17/ இப்ப அறிவியல். அமெரிக்காவின் அயோவாவில், நினைவுப் பகுதி பாதிச்சவங்களுக்குச் சோகமான சினிமாத் துண்டுகளைக் காட்டி ஒரு ஆய்வு நடந்தது, 2010ல் வெளியானது. பார்த்த காட்சி மறந்துபோச்சு. ஆனா சோகம் போகல. பிறகு அல்சைமர் நோயாளிகளிடமும் இதையே பார்த்தாங்க. சம்பவம் அழியும், அது விட்டுட்டுப் போன உணர்வு தங்கும். "என்னைத் தெரியலையா?"ன்னு நீங்க முகம் வாடினது அவருக்கு மறந்துடும். ஏதோ தப்பு பண்ணிட்டோம்ங்கிற கலக்கம் மறக்காது.

18/ "டாக்டர், நீங்க மட்டும் இன்னைக்கு என்ன தேதி, இது யாருன்னு கேக்குறீங்களே?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். அது பரிசோதனை, எவ்வளவு பாதிப்புன்னு அளக்க. ஜுரம் இருக்கான்னு தெர்மாமீட்டர் வெக்கிறோம். ஜுரம் குறையணும்னு யாராவது நாள் முழுக்க தெர்மாமீட்டர் வெப்பாங்களா? திரும்பத் திரும்பக் கேட்டா தொலைஞ்ச முகம் திரும்பி வந்துடாது.

19/ அப்போ என்ன செய்யலாம்?
- கேக்காதீங்க, சொல்லுங்க. "அப்பா, நான் உங்க ரெண்டாவது மக வந்திருக்கேன்." படக்குழு செஞ்ச மாதிரி, தினமும் புது அறிமுகம்.
- பழைய போட்டோவைக் காட்டி "இது யாரு?"ன்னு வினாடி வினா வேண்டாம். கதையை நீங்க ஆரம்பிங்க, அவர் பிடிச்சுக்குவார்.
- செத்துப்போன அம்மாவைத் தேடினா "அவங்க போய் முப்பது வருஷம் ஆச்சு"ன்னு தினமும் சாவுச் செய்தி சொல்லாதீங்க. "அம்மா சமையல் எப்படி இருக்கும்?"னு கேளுங்க.

20/ முக்கியமான விஷயம். எல்லா மறதியும் வயசுக் கோளாறு இல்ல. பி12 குறைபாடு, தைராய்டு, தலையில அடிபட்டு மெதுவா கசியுற ரத்தம், சில மாத்திரைகள், இதெல்லாம் சரிபண்ணக்கூடிய காரணங்கள். ரெண்டு மூணு நாளைக்குள்ள திடீர்னு குழப்பம் வந்தா அது அவசரம். "வயசாச்சு"ன்னு வீட்டுல வெச்சுக்காம அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க.

21/ நினைவு ஒருத்தர் மண்டைக்குள்ள மட்டும் இருக்கிற பொருள் இல்ல. அவரால தூக்க முடியாதப்ப பக்கத்துல இருக்கிறவங்க வாங்கித் தூக்கணும். உங்களுக்கு மூணு வயசு வரைக்கும் நடந்தது எதுவும் உங்களுக்கு ஞாபகம் இல்ல. அவங்கதான் உங்களுக்காக ஞாபகம் வெச்சிருந்தாங்க. இப்ப உங்க முறை.