சாரதிக்கு மட்டுமா பழி?

மரக்காணத்து உப்பளங்களை அடுத்துக் கடலோரத்தில் இருக்கும் மீனவர் கிராமம் எக்கியார்குப்பம். 2023-ஆம் வருஷம் மே மாதத்தில் விஷச் சாராயம் உயிர்களைக் கொள்ளை கொண்டபோது இவ்வூரின் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் அடிபட்டது. பிறகு எல்லோரும் மறந்து போனார்கள். சென்ற வாரம் ஒரு நண்பரின் பொருட்டு நாம் அவ்வூருக்குப் போக நேர்ந்தது. சென்னையில் வாடகைக்கு அமர்த்திய மின்சாரக் காரில் போனோம். சாரதி இருபது வருஷம் வண்டி ஓட்டியவர். குடிப் பழக்கம் இல்லாதவர். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் நிதானம் தவறாமல் ஓட்டி வந்தார்.

கிராமத்துக்குள் தெரு குறுகல். ஒரு பக்கம் வலை காய்கிறது. மறு பக்கம் கருவாடு. வண்டியைத் திருப்புவதற்காகச் சாரதி பின்புறம் நன்றாகப் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினார், பிரேக்கை விட்டார். பின்னே போக வேண்டிய வண்டி முன்னே போயிற்று. கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. “ஏம்ப்பா, வண்டி வர்ற சத்தமே இல்லியே!” என்று அந்த அம்மாள் கேட்டார். சாரதி இறங்கிக் கும்பிட்டார். அவர் கை நடுங்கியது. பிறகு நம்மிடம், “ஐயா, என் பழைய வண்டியில முன்னால தள்ளினா ரிவர்ஸ். இது முந்தாநாள் குடுத்த வண்டிங்க. கை பழைய எடத்துக்கே போயிடுச்சு” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. தானே கியர் மாற்றிக்கொள்ளும் பெட்ரோல் கார்களில் இருக்கைகளுக்கு நடுவே தரையிலிருந்து எழும்பும் கைப்பிடி இருக்கிறது. அதை முன்னே தள்ளினால் ரிவர்ஸ். தன் பக்கம் இழுத்தால் டிரைவ். அவர் ஓட்டி வந்த மின்சார வண்டியிலோ ஸ்டியரிங் தண்டில் ஒரு குச்சி முளைத்திருக்கிறது. அதை முன்புறமாகத் திருகினால் வண்டி முன்னே போகிறது. பின்புறமாகத் திருகினால் பின்னே போகிறது. தனியாகப் பார்த்தால் இந்தப் புதிய ஏற்பாடுதான் புத்திக்கு ஒத்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இருபது வருஷம் பழகிய கைக்கு அது நேர் விரோதமானது. அபாய வேளையில் கை புத்தியைக் கேட்டுக்கொண்டா வேலை செய்கிறது?

இதன் காரணத்தை வாசகர்கள் அறிதல் நலம். பெட்ரோல் யந்திரத்தில் பற்சக்கரங்களை மாற்றியாக வேண்டும். பழைய வண்டிகளில் கைப்பிடி கம்பிகளாலும் தண்டுகளாலும் அந்தச் சக்கரங்களோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே அதை வைக்கும் இடம் ஓரளவு யந்திரத்துக்குக் கட்டுப்பட்டது. மின்சார மோட்டாருக்குப் பெரும்பாலும் ஒரே பல்லிணைப்புத்தான். மோட்டாரை எதிர்த்திசையில் சுழற்றினால் அதுவே ரிவர்ஸ். கைப்பிடி என்பது வெறும் ஸ்விட்சாகிவிட்டது. அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். வைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். டாட்டா நெக்ஸான் மின்சார வண்டி 2020-இல் வந்தபோது வட்டத் திருகு. 2023-இல் அதே பெயருள்ள வண்டியில் சிறு கைப்பிடி. நமது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செய்யப்படும் ஹூண்டாய் கிரெட்டா பெட்ரோல் வண்டியில் தரைக் கைப்பிடி. 2025 ஜனவரியில் வந்த மின்சாரக் கிரெட்டாவில் ஸ்டியரிங் தண்டுக் குச்சி. 2025 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த டெஸ்லாவில் கைப்பிடியே இல்லை. கண்ணாடித் திரையில் விரலை இழுக்க வேண்டும். ஒரே பெயர், ஒரே உருவம், ஒரே கம்பெனி. ஆனாலும் கையின் வேலை வேறு.

காலின் கதை இதைவிட மோசம். கிளட்சு வண்டியிலிருந்து மின்சார வண்டிக்கு மாறுகிறவரின் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடுகிறது. அகலமான பிரேக்கு அதற்கு அகப்படுகிறது. கிளட்சை மிதிக்கிற பலத்தோடு பிரேக்கை மிதித்தால் வண்டி நட்ட நடுச் சாலையில் நின்றுவிடும். பின்னால் புதுச்சேரி பஸ் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. இது ஒரு விதம். எதிர்த்திசையில் மாறும்போது வருவது மற்றொரு விதம்; அதையே நாம் அதிகம் அஞ்சுகிறோம். மின்சார வண்டியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் மோட்டார் எதிர் இழுப்புக் கொடுத்து, ஓட்டத்தின் சக்தியை மறுபடியும் பாட்டரிக்கு அனுப்புகிறது. சில வண்டிகள் அப்படியே முழுதும் நின்றுவிடுகின்றன. பல மாதம் இப்படி ஓட்டியவர் பிரேக்கை அபூர்வமாகத்தான் தொடுகிறார். ஒரு நாள் பெட்ரோல் வண்டியில் ஏறி, முன்னே செல்லும் லாரியைக் கண்டு வழக்கம் போல் காலை மட்டும் எடுத்தால், வண்டி அவர் எதிர்பார்த்தபடி அடங்காது. பிரேக்கின் நினைவு வருவதற்குள் நூறு அடி போய்விடும்.

சீன சர்க்கார் இதைக் கண்டுகொண்டது. 2026 ஜனவரி முதல் அமலாகும் விதியின்படி, வண்டியின் வழக்கமான நிலையில், காலை எடுத்த மாத்திரத்தில் அது முழுதும் நின்றுவிடும்படி அமைக்கலாகாது. ஜப்பானில் 2019 ஏப்ரலில் டோக்கியோ இகெபுகுரோவில் முதியவர் ஒருவர் பிரேக்கென்று எண்ணி ஆக்ஸிலரேட்டரை மிதித்ததில் ஒரு தாயும் அவளுடைய சிறு மகளும் மாண்டனர். தவறான மிதியைக் கண்டறிந்து வேகத்தை அடக்கும் கருவி 2028 செப்டம்பர் முதல் புதிய கார்களில் இருக்க வேண்டும் என்று அத்தேசம் தீர்மானித்திருக்கிறது. முதியவரைச் சிறையிலிட்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் குழப்பம் உலகத்துக்குப் புதிதன்று. ஹென்றி போர்டின் மாடல்-டி வண்டியில் 1908 முதல் 1927 வரையில் இடது மிதி கியருக்கு, நடு மிதி ரிவர்ஸுக்கு, வலது மிதி பிரேக்குக்கு. பெட்ரோல் விடுவதோ ஸ்டியரிங் சக்கரத்தின் அடியில் கையால். அதிலிருந்து வேறு வண்டிக்கு மாறினவர் பிரேக்கென்று நினைத்து எதை மிதித்திருப்பார்! 1916-இல் காடிலாக் கம்பெனி வைத்த கிளட்சு, பிரேக்கு, ஆக்ஸிலரேட்டர் என்ற வரிசையை 1922-இல் ஆஸ்டின் செவன் என்ற மலிவு வண்டி பரப்பிய பிறகே ஒழுங்கு ஏற்பட்டது. தானியங்கிக் கியரிலும் அப்படியே. 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் ரிவர்ஸ், முன் செல்லும் தாழ்ந்த கியருக்குப் பக்கத்திலேயே இருந்தது. ரால்ப் நேடர் என்ற வக்கீல் 1965-இல் எழுதிய புஸ்தகத்தில் இந்த வரிசைக் குளறுபடியையும் வெளுத்து வாங்கினார். முன் செல்லும் நிலைக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே நியூட்ரல் இருந்தே தீர வேண்டும் என்று 1968 முதல் அமெரிக்காவில் சட்டமாயிற்று. அதுவரை கம்பெனிகள் தாமாக ஒத்துப்போகவில்லை என்பதே நமக்குப் பாடம்.

சட்டம் எழுதாத இடத்தில் விபரீதம் மீண்டும் நுழைகிறது. ஜீப் கிராண்ட் செரோக்கி வண்டியில், எந்தப் பக்கம் தள்ளினாலும் கையை விட்டதும் நடுவுக்கே திரும்பும் கைப்பிடி ஒன்றை வைத்தார்கள். பார்க் நிலையில் விட்டதாக எண்ணி இறங்கியவர்கள் பலர், வண்டி உருண்டது. 2016 ஏப்ரலில் உலகெங்கும் சுமார் 11 லக்ஷம் வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அன்டன் எல்சின் என்ற இளம் நடிகர் தம் வீட்டு வாசலிலேயே அத்தகைய வண்டியால் நசுங்கி இறந்தார். அந்தக் கைப்பிடியில் குறை என்னவென்றால், அது எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கைக்குச் சொல்லவில்லை; அவ்வளவுதான்.

புதுமையைத் தடுக்கலாகாது, வாங்குகிறவர் நாலு நாளில் பழகிக்கொள்வார் என்று கம்பெனிகளின் சார்பில் சொல்லப்படுகிறது. சொந்தக் காரை வைத்துத் தானே ஓட்டும் கனவானுக்கு இது பொருந்தலாம். நமது நாட்டில் காரை ஓட்டுகிறவர்களில் அதன் சொந்தக்காரர் அல்லாதவர் எத்தனை பேர்! வாடகை வண்டிச் சாரதிக்குக் காலையில் ஒரு சாவி, மாலையில் வேறு சாவி. எந்த வண்டி என்பது அவர் விருப்பமன்று. உப்பளத்துக்கு விடியற்காலையில் நடந்து போகும் கூலிப் பெண்களும், தலையில் மீன் கூடையோடு சாலையைக் கடக்கும் அம்மாள்மாரும் எந்தக் காரையும் வாங்கவில்லை. அவர்கள் எதைப் பழகிக்கொள்வது? ஓசையற்று வரும் வண்டி ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின்சாரக் கார்களுக்கும் விதி இருக்கிறது. நமது மத்திய சர்க்கார் 2025 செப்டம்பரில் இதற்கொரு வரைவு விதியை வெளியிட்டது. எக்கியார்குப்பத்து மூதாட்டியின் கேள்விக்கு அவ்வளவாவது பதில் உண்டு.

வக்கீல் தொழிலில் இருந்த பழக்கத்தால் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தோம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 10-வது பிரிவில், கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஒரு லைசென்ஸு, கியர் இல்லாததற்கு வேறு என்று பிரித்திருக்கிறது. இரண்டு சக்கரத்தில் இந்த ஜாக்கிரதை! நாலு சக்கரத்துக்கு வந்தால், இலகு ரக மோட்டார் வாகனம் என்ற ஒரே வார்த்தையில் கிளட்சு வண்டி, கிளட்சில்லா வண்டி, மின்சார வண்டி யாவும் அடங்கிவிடுகின்றன. அந்த லைசென்ஸு இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனத்தையும் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்சு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. பிழைப்பை நாடும் சாரதிகளுக்கு அது நியாயமான தீர்ப்பே. நாம் குறை கூறவில்லை. ஆனால் அதனால் வண்டி விட்டு வண்டி மாறும் வாய்ப்பு இன்னும் பெருகுகிறது. இடப்புறம் ஸ்டியரிங் வைத்த வண்டிக்கு 120-வது பிரிவு நிபந்தனை விதிக்கிறது. திரும்பும் விளக்கின் குச்சி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் நமக்குள் ஒழுங்கில்லை. மாருதியில் அது வலப்பக்கம், ஸ்கோடாவில் இடப்பக்கம். வெயில் நாளில் திடீரென்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பும் கார்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்தச் சாரதி காட்ட நினைத்த விளக்கு எரியவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

விபத்து நேர்ந்தால் என்ன நடக்கிறது? 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 106-வது பிரிவின் கீழ், கவனக்குறைவால் மரணம் விளைத்ததாகச் சாரதியின் மேல் வழக்கு; ஐந்து வருஷம் வரை சிறை. குற்றப் பத்திரிகையில் ஒரே பெயர். கவனம் தப்பியவர் தண்டனைக்கு உரியவர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கவனம் தப்புமாறு வழி வகுத்தவர்கள் அந்தக் காகிதத்தில் எங்கே? 2019-இல் புகுத்தப்பட்ட 110-ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளைத் திருப்பி அழைக்கும்படி உத்தரவிட மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. ஓட்டுநர், பிரயாணிகள் மட்டுமன்றிச் சாலையில் போகும் பிறருடைய தீங்கையும் அது எண்ணுகிறது. நல்ல சட்டம். ஆனால் அது உயிர் பெற வேண்டுமானால் புகார்கள் போதிய அளவு பதிவாக வேண்டும். ஸ்டேஷனில் ‘சாரதியின் அஜாக்கிரதை’ என்ற இரண்டே வார்த்தையில் எல்லாம் முடிந்துபோனால், பதிவாவது எப்படி?

ஆகவே நாம் கேட்பவை அதிகமில்லை. 110-வது பிரிவின் கீழ் வண்டியின் அமைப்பைப் பற்றி விதி செய்யும் அதிகாரம் மத்திய சர்க்காரிடம் இருக்கிறது. டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் கை செய்யும் இயக்கம் எத்திசையானாலும் எல்லா வண்டியிலும் ஒன்றாக இருக்கட்டும். திரும்பும் விளக்கின் பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் மோட்டாரின் எதிர் இழுப்பு ஒரே மிதமான அளவில் தொடங்கட்டும், வேண்டியவர் பிறகு கூட்டிக்கொள்ளட்டும். ஐரோப்பாவில் வண்டிகளுக்கு நட்சத்திரம் வழங்கும் சபை, திரும்பும் விளக்கு, அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் திரையன்றிக் கைக்கு அகப்படும் பொறி வேண்டும் என்று 2026 முதல் எதிர்பார்க்கிறது. 2023-இல் நாம் தொடங்கிய பாரத் என்காப் பரீக்ஷையிலும் இதைச் சேர்ப்பதற்கு என்ன தடை?

சென்னை சர்க்காருக்கும் பங்கு உண்டு. மின்சார வாகனத்துக்கென்று 2019-இலும் 2023-இலும் கொள்கை வெளியிட்டு, வரிச் சலுகை அளித்து, 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்பாஸ்ட் தொழிற்சாலையையும் திறந்துவைத்த சர்க்கார் இது. நிலமும் நீரும் சலுகையும் கொடுக்கும் மேஜையிலேயே இந்த ஒரு வார்த்தையையும் பேசலாம். டிரைவிங் பள்ளிகளில் மின்சார வண்டி ஒன்றாவது இருக்கச் செய்யலாம். வாடகைக் கம்பெனிகள் வேறு மாதிரி வண்டியைக் கொடுக்கும்போது, ஆளில்லாத மைதானத்தில் அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்க்கவிட்டு, அந்த அரைமணிக்கும் கூலி கொடுக்க வேண்டும். போலீஸாரின் விபத்து அறிக்கையில் இன்னும் ஒரு வரி சேரட்டும்: இந்தச் சாரதி இந்த மாதிரி வண்டியை எத்தனை நாளாக ஓட்டுகிறார், அதற்கு முன் ஓட்டியது எது என்று.