புகையை அளக்கிறோம், பிறேக்கை?

கடந்த மாதம் கண்டியிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் வழியில், கடுகண்ணாவை இறக்கத்தில் எனது பழைய ஜப்பானியக் காரின் பிறேக் மிதி காலின் கீழ் துடிக்கத் தொடங்கியது. ஸ்டியரிங்கும் கூடவே நடுங்கியது. வாகனம் நின்றதென்னவோ உண்மை. ஆனால் நிற்பதற்கு அது தயங்கியதாகவே எனக்குப் பட்டது.

இதே துடிப்பு முன்னரும் இருமுறை வந்ததுண்டு. இரண்டு தடவையும் நான் வழக்கமாகச் செல்லும் கராஜில், முன் சில்லுகளின் பிறேக் டிஸ்க்குகளைக் கழற்றி, லேத்தில் கடைந்து, மீண்டும் பூட்டித் தந்தார்கள். துடிப்பு நின்றது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். எவ்வளவு கடைந்தீர்கள், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவன், கேட்கவேண்டிய இடத்தில் வாய் மூடி இருந்துவிட்டேன்.

இம்முறை கராஜுக்குப் போகவில்லை. வீட்டு முற்றத்திலேயே சில்லைக் கழற்றினேன். துருவைத் துடைத்தபோது டிஸ்க்கின் நடுப்பகுதியில் பொறிக்கப்பட்டிருந்த எழுத்துகள் தெரிந்தன: குறைந்தபட்சத் தடிப்பு 20 மில்லிமீற்றர். புதிதாக இருந்தபோது அதன் தடிப்பு 22. மைக்ரோமீற்றரை வைத்து அளந்தேன். வலப்புறம் 19.3, இடப்புறம் 19.5. செய்தி இத்தனை ஆண்டுகளாக அந்த இரும்பிலேயே அச்சாகி இருந்திருக்கிறது. கடைந்தவரும் வாசிக்கவில்லை, ஓட்டியவனும் வாசிக்கவில்லை.

அரை மில்லிமீற்றரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். பிறேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. வேகம் இரட்டித்தால் அந்த வெப்பம் நான்கு மடங்காகும். அதை வாங்கிக்கொள்ளவேண்டியது டிஸ்க்கின் வார்ப்பிரும்பு. இரும்பு குறையக் குறைய டிஸ்க் விரைவில் சூடாகும், வெடிப்புக் காணும், நீண்ட இறக்கத்தில் பிறேக் எண்ணெய் கொதித்து, மிதி அடிவரை இறங்கிவிடவும் கூடும். அப்போது முன்னால் செல்வது பாடசாலை வான் ஒன்றாக இருந்தால், அரை மில்லிமீற்றரின் பொருள் விளங்கும்.

பஞ்சிகாவத்தையில் புதிய டிஸ்க்குகள் இரண்டும் பிறேக் பாட் தொகுதி ஒன்றும் வாங்கினேன். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றக்கூடாது. மாற்றினால் வாகனம் ஒருபுறம் இழுக்கும். வேலை கடினமானதல்ல, பொறுமை வேண்டும். சில்லு நட்டுகளை வாகனம் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டு, ஜக்கினால் தூக்கி, இரும்புத் தாங்கியின்மீது இருத்தவேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வேலை செய்வது உயிரோடு விளையாடுவதாகும். கழற்றிய கலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டவேண்டும். துருப்பிடித்து இறுகிய டிஸ்க்கைச் சுத்தியலால் அடிக்கத் தேவையில்லை. எனது டிஸ்க்கில் இருந்த இரு திருகு துவாரங்களில் போல்ட்டுகளை மாறி மாறி இறுக்க, அது தானாகவே கழன்று வந்தது. ஹப்பின் முகத்தில் துரு சிறிதளவு எஞ்சினாலும் புதிய டிஸ்க் கோணலாக அமர்ந்து, மறுபடியும் துடிக்கும். புதிய டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயையும் முற்றாகக் கழுவவேண்டும். எல்லாம் பூட்டி முடிந்ததும், வாகனத்தை ஓர் அடியேனும் நகர்த்துமுன், மிதி கெட்டியாகும்வரை பலதடவை மிதிக்கவேண்டும். இதை மறந்தவருக்கு முதல் மிதியில் பிறேக்கே இருக்காது.

எல்லோரும் இதை வீட்டில் செய்யவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அளக்கும் கருவியும், போல்ட்டை உரிய அளவுக்கு இறுக்கும் கருவியும் இல்லாதவர் கை வைக்காதிருப்பதே நல்லது. ஆனால் கராஜுக்குக் கொண்டுசெல்பவரும் அளவைக் கேட்டு எழுதி வாங்கவேண்டும். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்கமாட்டார்.

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். தடை நீங்கிய பின்னரும் விலையைக் கேட்டு வீடு திரும்பியவர்களே அதிகம். எனவே பழைய வாகனங்களைக் கட்டிக்கொண்டுதான் நம்மிற் பலர் வாழ்கிறோம். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறச் செல்லும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்கிறார்கள், காப்புறுதியைக் கேட்கிறார்கள். எனது காரின் பிறேக் பிடிக்கிறதா என்று அந்தக் கருமபீடத்தில் எவரும் ஒருபோதும் கேட்டதில்லை.

இந்தக் கார்கள் பிறந்த ஜப்பானில் நிலைமை வேறு. அங்கு புதிய தனியார் கார் 3 ஆண்டுகளிலும், அதன் பின்னர் 2 ஆண்டுகளுக்கொரு முறையும் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். பிறேக்கும் அதில் சோதிக்கப்படும். பிரித்தானியாவில் 1960 முதல் இத்தகைய பரிசோதனை உண்டு. வாகனத்தை இறக்குமதி செய்த நாம், அதனோடு சேர்ந்திருந்த ஒழுங்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

புகையை அளக்க நிலையங்கள் அமைக்க முடிந்த நாட்டில் பிறேக்கை அளக்கவும் முடியும். பத்து ஆண்டுகளைக் கடந்த கார்களிலிருந்தாவது தொடங்கட்டும். எனது காரும் அதில் அடங்கும். வரிசையில் முதல் ஆளாக நிற்க நான் ஆயத்தம். அதுவரை, கழற்றிய அந்த இரு டிஸ்க்குகளையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் நண்பர்களிடம் அவற்றைக் காட்டி, உங்கள் காரில் எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்கிறேன். இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.