வீட்டுக் கொல்லையில் சுதேசியம்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் பட்டணங்களிலும் கிராமங்களிலும் செடி வியாபாரம் மும்முரமாக நடப்பது வழக்கம். பூத்துக் குலுங்கும் தொட்டிகள் தள்ளுவண்டியில் வாசலுக்கே வந்து நிற்கின்றன. வாங்குகிறவர் நிறத்தைப் பார்க்கிறார், விலையைக் கேட்கிறார், கொண்டுபோய்க் கொல்லையில் வைக்கிறார். அச்செடி எந்த நாட்டது, இம்மண்ணில் அது எப்படி நடந்துகொள்ளும், அதன் வேரோடும் இலையோடும் ஒட்டி வருவது என்ன என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. தேசத்தின் பெரிய விவகாரங்களுக்கு நடுவே பூச்செடியைப் பற்றித் தலையங்கம் எதற்கென்று நம் அன்பர்கள் கேட்கலாம். நம் ஏரிகளையும் காடுகளையும் இன்று விழுங்கி நிற்கும் செடிகளிற் சில, ஒரு காலத்தில் இவ்வாறே ஆசையோடு கொண்டுவந்து வைத்த தோட்டச் செடிகள் என்பதே நமது விடை.

உண்ணிச்செடியின் சரித்திரத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசத்தைச் சேர்ந்த அச்செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்பெனி ஆட்சியின் காலத்தில், அழகின் பொருட்டுக் கல்கத்தா தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. வேலியோரத்து அலங்காரமாக அதைப் பலரும் விரும்பினர். பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையை நாடெங்கும் தூவின. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் பந்திப்பூரிலும் அது மண்டிக் கிடக்கும் இடத்தில் மானும் காட்டெருமையும் மேய்வதற்குப் புல் முளைப்பதில்லை. அதன் இலையைத் தின்னும் ஆடுமாடுகள் நோய்ப்படுகின்றன. புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இச்செடியின் அபாயத்துக்கு உட்பட்டிருப்பதாக 2020-ல் வெளியான ஆராய்ச்சியொன்று கூறிற்று.

ஆகாயத்தாமரையும் இவ்விதமே வந்தது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்நீர்ச்செடி, ஊதாப் பூவின் வனப்புக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் நுழைந்தது. சில பத்து வருஷங்களில் அம்மாகாணத்தின் ஆறுகளில் படகு செல்ல வழியில்லாமல் போயிற்று. அதை ஒழிப்பதற்கென்றே 1936-ல் தனிச் சட்டம் செய்ய நேர்ந்தது. நம் ஏரிகளிலும் கண்மாய்களிலும் அது படர்ந்து, நீரின் மேல் வெயில் படாமல் தடுத்து, மீனுக்கு மூச்சில்லாமலும் மதகுக்கு வழியில்லாமலும் செய்துவருவதை யாரும் நேரில் காணலாம்.

தோட்டத்தின் வழியாக வந்தவை செடிகள் மட்டுமல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவின் ராட்சஸ நத்தையை, சிப்பிகளையும் நத்தைகளையும் ஆராய்ந்துவந்த பென்சன் என்பவர் மொரீஷியஸ் தீவிலிருந்து கொண்டுவந்தார். 1847-ல் அது கல்கத்தாத் தோட்டமொன்றில் விடப்பட்டது. இன்று அது பப்பாளி, வாழை, கீரை என்ற பேதமின்றிப் பயிரை அழிக்கிறது. 2008-ல் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளியையும் மல்பெரியையும் நாசம் செய்து, வீட்டுச் செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பின்னரே அது அடங்கிற்று. 2016-ல் பொள்ளாச்சியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னை விவசாயிகளை வாட்டிவருகிறது. இத்தகைய பூச்சிகள் ஊர்விட்டு ஊர் செல்வதற்கு நாற்றும் தொட்டிச் செடியும் தக்க வாகனங்களாகின்றன.

இவை இங்கே அடங்காமல் பெருகுவதன் காரணம் யாதெனில், தாய்நாட்டில் இவற்றைத் தின்று அடக்கிவைத்த பூச்சிகளும் குளவிகளும் நோய்களும் இவற்றோடு கப்பலேறவில்லை என்பதே. மேற்சொன்ன குளவியின் வெற்றியே இதற்குத் தக்க சான்று.

ஆயினும் அயல்நாட்டுச் செடிகள் யாவும் பகை என்று நாம் கூறவில்லை. மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் பப்பாளியும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. அவை இன்றேல் நம் சமையலும் இல்லை, நம் சாகுபடியும் இல்லை. அவை நட்ட இடத்தில் நின்று உழைக்கின்றன. உண்ணிச்செடியோ வேலியைத் தாண்டிப் பிறர் நிலத்தையும் கவர்ந்துகொள்கிறது. ஒரு செடியைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வி, எங்கிருந்து வந்தது என்பதோடு முடிவதில்லை. வைத்த இடத்தில் நிற்குமா என்பதே பிரதானம். அது தெரியாதவரையில் நாட்டுச் செடியை நடுவதே விவேகம்.

நாட்டுச் செடிகளுக்குத்தான் பஞ்சமா? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசைப்படுத்திக் கூறியிருக்கிறார். வேலிக்கு நொச்சியும் ஆடாதோடையும் உள, இரண்டும் மருந்துமாகும். பந்தலுக்கு முல்லை உண்டு. சிறு தோட்டத்துக்கு வெட்சி, துளசி, தும்பை, பவழமல்லி ஆகியவை உண்டு. இடம் விரிந்திருந்தால் புன்னை, மகிழம், சரக்கொன்றை ஆகியவற்றை வைக்கலாம். நீலகிரிக் காடுகளில் பரவி, இப்பொழுது காகிதக் கூழுக்காக வெட்டப்பட்டுவரும் மஞ்சள் கொன்றை, நம் சரக்கொன்றையைப் பார்வையில் ஒத்த அயல்நாட்டு மரம். பெயரைக் கேட்டு ஏமாறலாகாது. கறிவேப்பிலையிலும் எருக்கிலும் கருடக்கொடியிலும் நம் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட்டு வளர்கின்றன. இலையில் நாலு ஓட்டை விழுந்தவுடன் விஷமருந்தைத் தேடி ஓடாதிருப்பதும் தோட்டக்காரனுக்கு வேண்டிய ஒரு பயிற்சியே.

செய்யவேண்டியவை எளியவை. செடி வாங்குமுன் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். வெண்மாவோ வெள்ளை ஈயோ இருந்தால் மறுத்துவிடவேண்டும். தொட்டி மண்ணில் நத்தை முட்டை உண்டா என்று சோதிக்கவேண்டும். நத்தை வந்துவிட்டால், அந்திக்குப் பின் கையுறையோடு பொறுக்கி உப்புநீரிலிட்டு அழிக்கவேண்டும், வெறுங்கையால் தொடலாகாது. தொட்டியில் மிகுந்த நீர்ச்செடியையும் வெட்டிய கொடியையும் ஏரியிலோ வாய்க்காலிலோ எறிவது ஊருக்குச் செய்யும் துரோகமாகும்; வெயிலில் நன்றாகக் காயவைத்து ஒழிப்பதே முறை.

சர்க்காரின் கடமையும் சிறிதன்று. பயிர்ப் பூச்சிகளையும் நோய்களையும் தடுக்கச் சென்னை ராஜதானியில் 1919-லேயே சட்டம் செய்யப்பட்டது. அயல் ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழக சர்க்கார் 2022-ல் வெளியிட்டது. ஆனால் காட்டில் ஒருபுறம் பணம் செலவழித்து வேரறுக்கும் செடியை மறுபுறம் பட்டணத்தில் தொட்டியில் வைத்து விற்க விடுவதானால், அக்கொள்கையின் பயன் என்ன? விற்கும் ஒவ்வொரு செடியிலும் அதன் பெயரும் பூர்வீகமும் எழுதியிருக்க வேண்டுமென்ற விதி அவசியம். பஞ்சாயத்துகளும் பள்ளிகளும் கோயில் நந்தவனங்களும் நாட்டுச் செடி நாற்றுகளை வளர்த்து மலிவாக வழங்கலாம்.

பொதுத்தொண்டில் ஈடுபட்ட நம் வாலிபர்கள் இதைத் தம் ஊர்க் கூட்டங்களில் எடுத்துரைக்க வேண்டும். அதற்குமுன் தம் வீட்டுக் கொல்லையைப் பார்த்துவரவேண்டும். அயல் துணியை ஒதுக்கிக் கதரை உடுத்தியபோது நம் பெரியோர் சர்க்காரின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. கொல்லையில் நொச்சி நடவும் எவருடைய அனுமதியும் தேவையில்லை.