பிள்ளையையும் கூட்டி வாருங்கள்

கல்முனைக் கரையில் ‘முகாம்’ என்ற சொல்லுக்கு நல்ல நினைவுகள் குறைவு. இராணுவ முகாம், அகதி முகாம், 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பள்ளிவாசல்களிலும் வகுப்பறைகளிலும் பாய் விரித்துக் கிடந்த சுனாமி முகாம். மிஞ்சினால் இரத்ததான முகாம். ஒரு குடும்பம் ஆசையோடு பை கட்டிக்கொண்டு கிளம்புகிற முகாம் நமக்குப் பழக்கமில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு அப்படியொன்று வேண்டும். அதை நமது பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளே நடத்த வேண்டும்.

கிறிஸ்தவர்கள் இதில் முந்திக்கொண்டார்கள். அவர்களுக்கும் அது ஒரு வெட்கக்கேட்டில்தான் தொடங்கியது. மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்ற ஒரு பிரெஞ்சுத் தம்பதியை, லூர்து யாத்திரைக் குழுவில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் தனியாகப் போனார்கள். போன இடத்தில் மற்றவர்களோடு இருந்து உண்ண முடியவில்லை, சாப்பாடு அறைக்கு வந்தது. அந்த வேதனையைக் கேட்டவர்கள் முன்னின்று, 1971 ஈஸ்டருக்கு 12,000 பேரை லூர்துக்கு அழைத்தார்கள். ‘விசுவாசமும் ஒளியும்’ என்ற இயக்கம் அங்கே பிறந்தது. பெற்றோர், பிள்ளைகள், நண்பர்கள் என எல்லோரும் சேர்ந்து கூடுவதும் விடுமுறை முகாம் போவதும் அதன் வழக்கம். அமெரிக்காவில் கிறிஸ்தவ அமைப்புகள் நடத்தும் குடும்ப முகாம்களில் பிள்ளைக்கு ஒரு தொண்டரைத் துணையாக விடுகிறார்கள். தாய்க்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. கூடப் பிறந்த பிள்ளைகளும் விளையாடுகிறார்கள்.

அறைக்கு வந்த அந்தச் சாப்பாட்டை நாம் அறியாதவர்களா? கலியாண வீட்டில் சஹன் என்ற கூட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும். பிள்ளை கத்துவான், வெறும் சோற்றைத் தவிர எதையும் தொடமாட்டான் என்று உம்மா வீட்டிலேயே நின்றுகொள்வாள். இரவில் அவளுக்குப் பார்சல் வரும். அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் “பிள்ளையையும் கூட்டி வாங்க” என்று ஒருவரும் சொல்வதில்லை.

2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, ஒன்றரை முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. அப்படியானால் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இந்தப் பிள்ளைகள் இல்லாமல் இருக்க முடியாது. கண்ணில் படாததற்குக் காரணம் மூடிய கதவுதான். ஜின் பார்வை என்கிறார்கள், உம்மா வளர்த்த வளர்ப்பு என்கிறார்கள். இரண்டும் இல்லை, மூளை வளர்கிற விதத்தில் உள்ள வேறுபாடு அது. ஓதிப் பார்ப்பவர்களோடு எமக்குச் சண்டையில்லை. ஓதிப் பார்த்துக்கொண்டே பேச்சுப் பயிற்சிக்கான வருடங்களைக் கைவிடுவதுதான் கவலை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலதுகுறைந்தோரின் உரிமையைச் சொல்கிறது. நல்ல சட்டம்தான், ஆனால் சட்டம் கலியாண வீட்டுக்கு வராது.

மார்க்கத்தில் இடமுண்டா என்று கேட்கிறவர்களுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. கண் தெரியாத இப்னு உம்மி மக்தூமிடம் முகம் சுளித்ததற்காக நபிகளாருக்கே கண்டிப்பு இறங்கியது. குழந்தை அழும் சத்தம் கேட்டுத் தொழுகையைச் சுருக்கியவரும் அவர்தான். நமது பள்ளியில் குழந்தை சத்தம் போட்டால் திரும்பி முறைக்கிற பெரியவர்கள் எந்த ஸுன்னாவைப் பின்பற்றுகிறார்களோ தெரியவில்லை. அமெரிக்காவில் 2014இல் தொடங்கிய ‘முஹ்சென்’ என்ற முஸ்லிம் அமைப்பு, இத்தகைய குடும்பங்களை உம்றாவுக்கே அழைத்துப் போகிறது.

கிறிஸ்தவர்களைப் பார்த்துச் செய்வதா என்ற முணுமுணுப்பும் எழும். 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இரு பக்கமும் பயம் இருக்கிறது. மதமாற்றப் பேச்சும் இருக்கிறது. அதனால்தான் பள்ளிவாசலே நடத்தட்டும் என்கிறோம். பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இடம் வைக்கட்டும். கல்முனைப் பிரதேச செயலகம் வடக்கா தெற்கா என்று தமிழரும் முஸ்லிம்களும் நடத்தும் வழக்கு ஓட்டிசத்துக்குத் தெரியாது.

கிறிஸ்தவர்களிடம் கற்க வேண்டிய கசப்பான பாடமும் ஒன்றுண்டு. ‘விசுவாசமும் ஒளியும்’ இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் வனியே, உலகம் புனிதராக மதித்தவர். ஆன்மிக வழிகாட்டி என்ற பெயரில் பெண்கள் பலரை அவர் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதை, அவர் நிறுவிய லார்ஷ் அமைப்பே அவர் இறந்த மறுவருடம், 2020இல், விசாரித்து வெளியிட்டது. நல்ல பெயர் எவருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது. மௌலவியானாலும் டாக்டரானாலும், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது. இந்த விதியை எழுதிவைக்காத முகாம் நடக்காமல் இருப்பதே மேல்.

இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் கட்டிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். கட்டடத்துக்கு அடிக்கல் நடுவதில் நாம் கெட்டிக்காரர்கள், அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. முகாமுக்குக் கட்டடம் வேண்டாம். மூன்று நாள், பதினைந்து குடும்பம் போதும். டிசம்பர் விடுமுறை மழையில் போய்விடும், ஆகஸ்ட் நல்லது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களைத் தொண்டர்களாகக் கேட்கலாம். ஒலிபெருக்கி, பொன்னாடை, அரசியல்வாதி மூன்றும் கூடாது. இரைச்சல் தாங்காத பிள்ளைக்கு இருட்டான, அமைதியான ஓர் அறை கட்டாயம். வெறும் சோறு மட்டும் தின்கிற பிள்ளைக்கு வெறும் சோறே கொடுக்க வேண்டும்.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. ஜும்ஆவுக்குப் பிறகு ஜனாஸா, நிக்காஹ் அறிவித்தல்களோடு இந்த அழைப்பையும் வாசிக்கட்டும். வாசிக்கும்போது வெளி ஒலிபெருக்கியைப் போட்டு வாசிக்க வேண்டும். கேட்க வேண்டிய உம்மா பள்ளிக்குள் இல்லை, வீட்டில் இருக்கிறாள்.