சப்பை மூக்கு என்று முதலில் சொன்னது யார்?

போன பௌர்ணமி இரவு திருவண்ணாமலையில் எங்கள் அடி அண்ணாமலைத் தெருவில் கிரிவலக் கூட்டம் வழக்கம்போல விடிய விடிய நடந்துகொண்டிருந்தது. அடுத்த தெருப் பெண் ஒருத்தி, ப்ளஸ் டூ முடித்த மகளோடு பாதிச் சுற்றில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். மகள் முகத்தில் மாஸ்க். "இந்நேரத்துக்கு எதுக்கு பாப்பா மாஸ்க்?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா சொன்னாள்: "அவளுக்கு மூக்கு சப்பையா இருக்காம்க்கா. காலேஜ் சேர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு பார்க்கிறோம். ஆபரேஷன் நல்லதா, ஊசி நல்லதா? நீங்க நர்ஸா இருந்தவங்க, உங்களுக்குத் தெரியும்."

அன்றைக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியையும் சேர்த்து, பிள்ளை பெற்ற உங்கள் எல்லோருக்கும் இப்போது சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன். அந்தக் கோபத்துக்குக் காரணமான தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில், கேட்ட கேள்விக்குப் பதில்.

ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுத்து, மூக்கின் எலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்கி, நகர்த்தி, தேவைப்பட்டால் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைத்துத் தைப்பது. ஒரு வாரம் மூக்கின் மேல் கட்டு இருக்கும். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போகும். பெரிய வீக்கம் சில வாரங்களில் வடிந்தாலும், நுனி வீக்கம் முழுக்க வடிந்து உண்மையான வடிவம் தெரிய ஒரு வருஷம் ஆகும். கைதேர்ந்தவர் செய்தாலும் சிலருக்கு மறுபடி அறுக்க வேண்டி வரும். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம். 'தமிழன்' படத்தில் விஜய்யோடு நடித்த பிரியங்கா சோப்ரா, 2000-இல் உலக அழகி ஆனவர். அதற்குப் பின் மூக்கினுள் வளர்ந்த சதையை எடுக்கப் போன இடத்தில் மூக்குத் தண்டே உட்கார்ந்துவிட்டது என்று 2021-இல் வந்த தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அழகி என்று உலகமே ஒப்புக்கொண்ட முகத்துக்கே அந்த நிலைமை.

ஊசி என்றால் ஃபில்லர். பெரும்பாலும் ஹையலூரானிக் அமில ஜெல். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கத்தி இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். அது உண்மைதான். சொல்லாமல் விடுவது என்ன தெரியுமா? ஊசியால் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. பள்ளமான தண்டை மேடாக்கும், மேட்டை மறைக்கும். பெரிய மூக்கைச் சிறிதாக்காது, அகன்ற மூக்கு ஓட்டையைக் குறுக்காது, உள்ளே வளைந்த தண்டை நிமிர்த்தாது, மூச்சடைப்பைத் தீர்க்காது. சில மாதங்களிலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் கரைந்துவிடும். திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

"கத்தி இல்லையே, ஆபத்து இல்லை" என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. முகத்தில் ஃபில்லர் போட மிக ஆபத்தான இடங்களில் ஒன்று மூக்கு. மூக்கின் மேல் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்தவை. ஊசி முனை தவறி ஒரு குழாய்க்குள் போய், ஜெல் பின்னோக்கித் தள்ளப்பட்டால் கண்ணுக்குப் போகும் இரத்தம் நின்றுவிடும். மூக்குத் தோலுக்குப் போகும் குழாய் அடைத்தால் தோல் முதலில் வெளுக்கும், பிறகு வலை பின்னியதுபோல நீலம் பாயும், கடைசியில் கறுத்து அழுகும். விழித்திரை இரத்தம் இல்லாமல் தாங்குவது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. இங்கிருந்து வேலூர் சுமார் 80 கிலோமீட்டர். சென்னை சுமார் 190. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெல்லைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. அது ஊசி போடுகிற அறையிலேயே, போடத் தெரிந்த டாக்டர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பியூட்டி பார்லரில் அது இருக்குமா? சலுகை விலை என்று ஓடும்முன் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டீர்களா?

வயதையும் பாருங்கள். பெண் பிள்ளைக்கு மூக்கு வளர்ந்து முடிய 15, 16 வயதாகும். பையனுக்கு 17, 18. அதற்கு முன் அழகுக்காக அறுப்பது, மாவு புளிக்கும் முன்னே தோசை வார்ப்பது போல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஃபில்லர்களுக்கு அனுமதி கொடுத்திருப்பதே 21, 22 வயது தாண்டியவர்களுக்குத்தான். மூக்குக்கென்று அனுமதியே கொடுக்கவில்லை.

ஆக, எது நல்லது? மூச்சு விட முடியாத பிள்ளைக்கும், விபத்தில் மூக்கு உடைந்த பிள்ளைக்கும், உதட்டுப் பிளவோடு பிறந்து மூக்கும் கோணிப்போன பிள்ளைக்கும் ஆபரேஷன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வளர்ந்து, தானே சம்பாதித்து, தானே யோசித்து முடிவெடுக்கிறவர்கள் கதை வேறு. நடிகை ஸ்ருதி ஹாசன் 2020-இல் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டதை ஒளிக்காமல் சொன்னார். அது அவர் முகம், அவர் முடிவு. நான் பேசுவது 17 வயதில் மாஸ்க் போட்டுக்கொண்டு மலை சுற்றுகிற பிள்ளையைப் பற்றி. 18 வயதுக்குள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவள் இல்லை. நாம்.

இந்த வைத்தியம் யாருக்காகப் பிறந்தது என்று தெரியுமா? மூக்கே போனவர்களுக்காக. திருமலை நாயக்கர் காலத்து மைசூர்ப் படையெடுப்பில் கண்ணில் பட்டவர் மூக்கையெல்லாம் அறுத்தார்கள். மூக்கறுப்புப் போர் என்று அதற்குப் பேரே உண்டு. திப்பு சுல்தானோடு நடந்த போரில் மூக்கும் ஒரு கையும் இழந்த கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்கு, புனே பக்கத்தில் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார்கள். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு வெளியிட்ட பிறகுதான் வெள்ளைக்காரர்கள் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் ஏன்? நம் மாவட்டமும் வேலூரும் ஒரே வட ஆர்க்காடாக இருந்த காலத்தில் இங்கே தொழுநோய் கொடுமையாக இருந்தது. அந்தக் கிருமி மூக்கின் குருத்தெலும்பை அரித்துவிடும். மூக்கு இடிந்து உட்காரும். நோய் குணமானாலும் அந்த முகத்தைப் பார்த்து யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள், டீக்கடையில் டம்ளர் கொடுக்க மாட்டார்கள். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் மடங்கிப்போன கைகளை மட்டுமல்ல, இடிந்த மூக்குகளையும் நிமிர்த்தினார்கள். 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அந்த வேலை நடந்தது. பயிற்சிக் காலத்தில் அப்படி நிமிர்ந்த மூக்கோடு ஊர் திரும்பிய ஒரு தாத்தாவைப் பார்த்தேன். பஸ்ஸில் யாரோ தன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் பிள்ளைகளுக்கு மூக்கு இடிந்திருக்கிறதா? இல்லை. நாம்தான் இடித்துக் காட்டினோம்.

பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பாட்டி மூக்கை நீவி நீவி விடுவாள், கூராக வரட்டும் என்று. நீவினால் எந்த மூக்கும் கூராகாது. ஆனால் உன் மூக்கில் ஏதோ குறை என்ற சேதி பிறந்த வாரமே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பிறகு "அப்பா மூக்கு வந்துடுச்சே", "மூக்கும் முழியுமா இருந்தா சீக்கிரம் வரன் அமையும்", "சப்பை மூக்கி, இங்க வாடி". எல்லாம் செல்லம்தான். செல்லத்துக்குச் சொல்வது எதுவும் காதில் தங்காது என்று யார் சொன்னது?

அதற்கு மேல் கையில் செல்போனையும் கொடுத்துவிட்டோம். ஓர் அடி தூரத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில், எட்டி நின்று எடுத்த படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் பெரிதாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஆய்வு வேண்டியதில்லை. ராஜகோபுரத்துப் பக்கம் பார்த்த மலையும் நம் ஆதி அண்ணாமலையார் கோயில் வாசலில் பார்க்கிற மலையும் ஒரே மாதிரியா இருக்கிறது? குபேர லிங்கத்துப் பக்கம் போனால் ஐந்து முகமாகத் தெரிகிறதே. 14 கிலோமீட்டரும் நடந்து ஒவ்வொரு திருப்பத்திலும் கும்பிடுகிற நாம், பெற்ற பிள்ளையின் முகத்தை மட்டும் ஒரு போட்டோவில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

நம்மிடம் சொல்லாமலே பிள்ளை போய்விட்டால்? 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட நடிகை சேதனா ராஜ், கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் போன நாளிலேயே இறந்தார். வயது 21. தங்களுக்குத் தெரியாமல் போய்விட்டாள் என்று பெற்றவர்கள் அழுதார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நம் பிள்ளை இப்படி ஓர் ஆசையை முதலில் நம்மிடம்தான் சொல்லுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

சொன்னால் இதைச் செய்யுங்கள். சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள், உடனே பணம் புரட்டவும் ஓடாதீர்கள். மூச்சடைப்பு உண்டா என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளை நாள் முழுக்கக் கண்ணாடி முன் நின்றால், வெளியே போகவே மறுத்தால், முதலில் மனநல டாக்டர். அந்த வேதனை மூக்கில் இல்லை, அதனால் மூக்கை அறுத்தால் தீராது. மற்றபடி, வளர்ச்சி முடியும்வரை காத்திருங்கள். அதன் பிறகும் வேண்டும் என்றால், பிளாஸ்டிக் சர்ஜரியிலோ மூக்கு ஆபரேஷனிலோ முறையாகப் பயிற்சி பெற்ற டாக்டரின் படிப்பையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கேட்பது அவமரியாதை இல்லை. அழகுக்கான ஆபரேஷனை மருத்துவக் காப்பீடு ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் பங்கு என்ன என்று கேட்பீர்கள். என் மகளின் கல்யாண ஆல்பத்தில் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. போட்டோகிராபரிடம் அவளே முன்கூட்டிச் சொல்லிவைத்திருக்கிறாள். ஏன் என்று பல வருஷம் கழித்துத்தான் கேட்டேன். "நீ வச்ச பேரும்மா, சப்பி" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இத்தனை பேருக்கு ஊசி போட்ட கை, இத்தனை காயத்துக்குக் கட்டுப் போட்ட கை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்குள் நானே உண்டாக்கிய காயம் என் கண்ணில் படவில்லை.

அன்றைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் என்னைப் போல அத்தனை வருஷம் காத்திருக்காதீர்கள். படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், இன்றைக்கே பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மூக்கைக் குறை சொன்னது நான்தான், தப்பு என்னுது" என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் அவள் ஆபரேஷனா ஊசியா என்று கேட்டால் என் திண்ணைக்கு அழைத்து வாருங்கள். பொறுமையாகப் பேசலாம்.