தம் கதை தாமே கூறுதல்

ஒரு மக்களின் வாழ்வை அம்மக்களே எடுத்துரைத்தல் சாலச் சிறந்தது. கனடாவின் வடகோடியில் பனி சூழ்ந்த நிலத்தில் வாழ்வோர் இனுவிட் மக்கள். 1922-இல் அவர்களைத் திரைப்படமாக்கிய பிளாகர்ட்டி என்பார், துப்பாக்கியால் வேட்டையாடி வந்தோரைப் பழங்காலத்தார்போல் எறியீட்டி ஏந்தச் செய்தார். கண்டோர் பலரும் அதனை மெய்யென நம்பினர். 2025-இல் வெளிவந்த 'நார்த் ஆஃப் நார்த்' என்னும் தொலைக்காட்சி நாடகமோ, இனுவிட் பெண்மணியர் இருவரால் படைக்கப்பெற்றது; அவர்தம் நிலத்திலேயே, இக்காலுவிட் நகரில், படமாக்கப்பெற்றது. அதன் தலைவி சியாஜா ஓர் இளந்தாய். கணவனைப் பிரிந்து, தன் காலில் நிற்க முயல்கின்றாள், நகைக்கின்றாள், தவறுகின்றாள், மீண்டும் எழுகின்றாள். ஈண்டு நாம் காண்பது காட்சிப்பொருளன்று, மனித உள்ளமே. நாடகமும் கற்பனைதான்; ஆயினும், அஃது உள்ளிருந்து எழுந்த கற்பனை. தம் கதையைத் தாமே கூறும் உரிமையும் விடுதலையின் ஒரு கூறேயாகும்.