நெல்லுக்கு உண்டு, புல்லுக்கு இல்லை

2019 மே மாதம் ராஜஸ்தானில் பாலைவன வெட்டுக்கிளிகளுக்கு எதிராகத் தொடங்கிய மருந்தடிப்பு 2020 பிப்ரவரி வரை ஓயவில்லை. குஜராத்தையும் சேர்த்து 4 லட்சம் ஹெக்டேருக்கு மேல் மருந்து. 1993க்குப் பிறகு இந்தியா சந்தித்த பெரிய படையெடுப்பு அது. பார்மரில் சீரகமும் பனஸ்காந்தாவில் ஆமணக்கும் பறிபோனது செய்தியாயிற்று. சுற்றிலும் இருந்த மேய்ச்சல் நிலத்தில் போன புல் செய்தியாகவில்லை.

பயிருக்குச் சொந்தக்காரர் உண்டு. பூச்சியால் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் பேரிடர் நிவாரண நிதியில் உதவி கேட்கலாம். கோசர், ஓரண் என்று ராஜஸ்தானில் அழைக்கப்படும் பொது மேய்ச்சல் நிலத்திலோ விதைத்தவர் யாருமில்லை; ஆகவே இழந்தவரும் இல்லை என்கிறது காகிதம். 2019 கணக்கெடுப்பில் 5 கோடியே 68 லட்சம் கால்நடைகள் இருந்த மாநிலத்தில் இது வேடிக்கையான தர்க்கம்தான்.

ஆனால் போர் நடப்பதே அந்தப் புல்வெளியில்தான். மழை பெய்து ஈரமான மணலில் வெட்டுக்கிளி முட்டையிடுகிறது. இறக்கை முளைக்காத குஞ்சுகள் சில வாரங்கள் தரையில்தான் நகர முடியும். அப்போதே தீர்த்துவிட்டால் செலவு குறைவு. பறக்கத் தொடங்கிய பின் ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 4 கோடி பூச்சிகள்கூட இருக்கும். ஒவ்வொன்றும் தினமும் ஏறக்குறைய தன் எடையளவு, 2 கிராம், தின்னும். அதாவது புல்லில் செலவிடும் பணம் எங்கோ தொலைவில் இருக்கும் கடுகுக்கும் கோதுமைக்கும் கட்டும் இன்ஷூரன்ஸ்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கணக்கே வேறு. அங்கே வெட்டுக்கிளிகள் பெரும்பாலும் மேய்ச்சல் நிலத்திலேயே தின்று, அங்கேயே மடிகின்றன. காப்பாற்றும் புல்லின் மதிப்பு மருந்துச் செலவைவிட அதிகமா என்பதே கேள்வி. பல சமயம் இல்லை. அதனால்தான் 1990களில் வயோமிங் பல்கலைக்கழகத்தினர் நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றில் மட்டும், குறைந்த அளவு மருந்து அடித்துப் பார்த்தார்கள். செலவு பாதியும் அதற்கு மேலும் குறைந்தது. மருந்து படாத பட்டைகளில் வெட்டுக்கிளியைத் தின்னும் பறவைகளும் பூச்சிகளும் பிழைத்தன. யார் பணம் கட்டுவது என்பதையும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது: மத்திய அரசு நிலமென்றால் முழுச் செலவும் மத்திய அரசுடையது, மாநில நிலமென்றால் பாதி, தனியார் நிலமென்றால் மூன்றில் ஒரு பங்கு.

இந்தியாவில் பாலைவனத்தில் மருந்தடிப்பது மத்திய அரசின் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு. 1939இல் தொடங்கியது. 2010க்குப் பிந்தைய அமைதியான ஆண்டுகளில், இதற்கு ஜீப்பும் ஆளும் எதற்கு என்று யாருக்கும் தோன்றும். நிதி அமைச்சகங்களுக்கு வராத பூச்சியைக் காட்டிப் பணம் வாங்குவது கடினம். 2020இல் கூட்டம் ஜெய்ப்பூர் மேலேயே பறந்தபோது டிரோன்களும் பிரிட்டனிலிருந்து தெளிப்பான்களும் அவசரமாக வந்தன. முன்னெச்சரிக்கைச் செலவைவிட அவசரச் செலவு எப்போதுமே கூடுதல்.

இவற்றில் எதிலும் ஆட்டுக்காரரின் செலவு இல்லை. மாலத்தியான் தெளித்த புல்லில் உடனே மந்தையை விட முடியாது. வேறிடம் ஓட்ட வேண்டும், அல்லது காசு கொடுத்துத் தீவனம் வாங்க வேண்டும். மருந்து அடிக்குமுன் எத்தனை நாள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லி, அத்தனை நாள் தீவனத்தையும் மருந்து பில்லோடு சேர்க்கலாம். பில்லில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.